எட்டு நிமிஷத் தண்ணீர்

அருள்ராணியிடம் நாற்பத்தொரு வயது வரை யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. முகையூரில் ஆறு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவளைக் கேட்டு முடிவெடுக்க வீட்டில் என்ன இருந்தது? சிஸ்டர்கள் நடத்திய விடுதியில் தங்கி இங்கிலீஷ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்தாள். அங்கே பேசாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாக்கியசாமிக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணு ஏதாச்சும் பேசுமா?" என்று கேட்டதற்குக்கூட அவள் அண்ணன்தான் பதில் சொன்னான். பிறகு விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசை வேலை. காலை ரயிலில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவாள். நடுவில் நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது நாலே கேள்வி. பேரு? வயசு? எந்த டாக்டர் அனுப்பினாரு? சாப்ட்டு வந்தீங்களா? பதினாலு வருஷமாக இதே நாலு.

அப்படிப்பட்டவளுக்கு வெள்ளிக்கிழமை ஏழு மணி என்ன பொருள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜெனித் என்று ஒரு திண்டிவனத்துக்காரன். கனடாவில் வேலை. ஊரைப் பிரிந்து போன ஏக்கமோ என்னவோ, ட்விட்டரில் வாராவாரம் ஊர்ப் பேச்சு ஒன்று நடத்தினான். (அதன் பெயர் மாறி வருஷங்கள் ஆகியும் அருள்ராணிக்கு அது ட்விட்டர்தான்.) சரியாக ஏழு மணிக்கு முதல் கேள்வி. கால் மணிக்கு ஒன்றாக மொத்தம் நாலு கேள்வி. எட்டு மணிக்குக் கடை மூடிவிடும். பதில் சொல்கிறவர்கள் கே1-க்கு ப1, கே2-க்கு ப2 என்று கேள்விக்கேற்ற நம்பர் போட்டு எழுதி, கடைசியில் #திண்டிவனம்வெள்ளி7 என்ற ஹேஷ்டேக்கைச் சேர்க்க வேண்டும். அந்த டேக்கைத் தொட்டால் எல்லோர் பதிலும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். துபாயில் இருக்கிறவனும் மரக்காணம் ரோட்டில் இருக்கிறவனும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

முதல் மூன்று வாரம் அவள் டேக் போடாமல் எழுதினாள். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது வாரம் ஜெனித்தே தனியாக எழுதினான்: "அக்கா, டேக் போடாம எழுதினா வாசலுக்கு வெளிய நின்னுகினு பேசற மாதிரி. உள்ள வாங்க." உள்ளே போனாள். சொந்தப் பெயரைப் போடக் கூச்சமாக இருந்ததால் 'முகையூராள்' என்று வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்ட் பற்றி ஒரு வாரம், பள்ளிக்கூட நினைவு பற்றி ஒரு வாரம் எழுதினாள். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு நாற்பது பேர் இதயம் போட்டார்கள். "முகையூராள் மேடம் எங்க காணோம்?" என்று ஒருத்தர் கேட்டார். பாசஞ்சர் ரயிலில், முறுக்குக் கூடைக்கும் யாரோ ஒருவரின் முழங்கைக்கும் நடுவே உட்கார்ந்து அதைப் படித்தபோது அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமைத் தலைப்பு, குடிதண்ணீர்.

அவள் குடியிருந்தது திண்டிவனத்தை ஒட்டிய ஊராட்சி ஒன்றில், கடைசித் தெருவில். பெயருக்கு ஏற்ற மாதிரி குழாயும் அங்கேதான் முடியும். அதோடு தெரு மேடு. டேங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேலத் தெருவுக்குக் காலை ஐந்தரையிலிருந்து ஆறு, கடைசித் தெருவுக்கு ஆறிலிருந்து ஆறரை என்பது கணக்கு. ஆனால் ஆறு மணிக்குத் திறந்தால் குழாய் நிறைந்து மேடேறி வரவே கால் மணி ஆகும். அதற்குள் பாதிப் பேர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஓடியிருப்பார்கள். டேங்க் ஆபரேட்டர் விருத்தாசலம் இதற்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார். மேலத் தெரு வால்வை ஐந்து ஐம்பத்திரண்டுக்கே மூடிவிட்டு இந்தப் பக்கம் திறந்துவிடுவார். எட்டு நிமிஷம். யாரும் கேட்காமலே செய்தார். ஒரு நாள் விடியலில் வால்வுக் குழியண்டை அருள்ராணி தற்செயலாகப் பார்த்துவிட்டபோது, "பாத்துட்டியா? சரி, இது நமக்குள்ள இருக்கட்டும்மா. வெளிய சொல்லாத. பேஜாராயிடும்" என்றார்.

மூன்றாவது கேள்வி வந்தபோது ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டியிருந்தது. 'தண்ணீர் விஷயத்தில் உங்கள் தெருவுக்கு நல்லது செய்யும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்.'

அவள் எழுதினாள். "ப3. எங்கள் தெரு மேடு, தண்ணீர் ஏறாது. எங்கள் டேங்க் ஆபரேட்டர் மேலத் தெரு வால்வை எட்டு நிமிடம் முன்பே மூடி எங்களுக்குத் திறந்துவிடுவார். பதினோரு வருடமாக, யாரும் கேட்காமல்." படித்துப் பார்த்தாள். எங்கேயோ யாரோ செய்த மாதிரி மொட்டையாக இருந்தது. விருத்தாசலம் என்ற பெயரைச் சேர்த்தாள். ஊராட்சியின் பெயரையும் சேர்த்தாள். 'வெளிய சொல்லாத' என்று அவர் சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. பேரணி ஸ்டேஷனில் வண்டி நின்று புறப்படும் வரை விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். கேள்வி நாலு வந்துவிட்டால் மூன்றுக்குச் சொல்லும் பதிலை யார் படிப்பார்கள்? டேக்கைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

மயிலம் வருவதற்குள் அறுபது இதயம். "இப்படி ஒரு மனிதரா!" "இவருக்கு விருது கொடுங்கப்பா." ஜெனித் அதை எடுத்துத் தன் பக்கத்தில் மேலே வைத்தான். திண்டிவனத்தில் இறங்கும்போது, தென்னரசு என்று ஒருவன் கீழே எழுதியிருந்தான். மேலத் தெருக்காரன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை.

"அப்போ எங்கம்மா தினமும் கடைசிக் குடத்த வச்சிக்கினு காத்து வாங்கறது இந்தப் புண்ணியவானாலதானா?"

அவ்வளவுதான். எட்டு மணிக்கு மூட வேண்டிய கடை ஒன்பதரைக்கும் மூடவில்லை. மேலத் தெருவிலிருந்து வெளியூர் போனவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவன் எட்டு நிமிஷத்தைப் பதினோரு வருஷத்தால் பெருக்கி, இத்தனை லட்சம் லிட்டர் திருட்டு என்று போட்டான். விருது கேட்டவரே, "விசாரணை வேண்டும்" என்று எழுதினார்.

சனிக்கிழமை காலை பாக்கியசாமி போனை வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் நெற்றி சுருங்கியது.

"உனக்கு எதுக்கு இந்த வேல? மொதல்ல அத்த அழி."

"அழிச்சா சரியாயிடுமா?"

"இல்லாத ஒண்ண எவன் காட்டுவான்? ஜல்தி அழிச்சித் தொல."

அழித்தாள். தென்னரசு முந்தின நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். அதைப் போட்டு, மேலே ஒரே ஒரு வரி எழுதினான்: "இதை எழுதிய பெண் ஏன் திடீரென்று அழித்தார்? யார் மிரட்டியது?"

அருள்ராணி அந்த வரியைக் குளியலறையில் நின்று படித்தாள். கேள்விக்குறியோடு இருந்த வரி, மத்தியானத்துக்குள் கேள்விக்குறி இல்லாத வரியாகிவிட்டது. 'உண்மை சொன்ன பெண்ணுக்கு மிரட்டல்.' நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். 'யாரும் மிரட்டவில்லை' என்று எழுத மூன்று முறை ஆரம்பித்தாள். எழுதினால், நீ யார், எந்தத் தெரு, என்ன பெயர் என்று கேட்பார்களே? அழிக்கத் தெரிந்த விரலுக்கு அனுப்பத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனாள். அதிக நேரம் முழங்காலில் இருந்தாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை காலை குழாயடியில் எதிர்வீட்டு சவுரியம்மாள் இடுப்பில் குடத்தோடு எல்லோருக்கும் பொதுவாகச் சாபம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எவளோ ஒருத்தி போன்ல எழுதிட்டாளாம்டி. சோறு போட்ட கையக் கடிச்ச மாதிரி. கையில கெடச்சா அவ வெரல ஒடிச்சிடுவேன்."

"பாவம், தெரியாம எழுதியிருப்பா" என்றாள் அருள்ராணி.

"ஒனக்கு எல்லாரும் பாவம்தான். வாய் பேசாத பூச்சி நீ. ஒன்ன மாதிரி நாலு பேரு இருந்தா ஊர்ல சண்டையே இருக்காது."

அருள்ராணி குனிந்து குடத்தைத் தூக்கினாள். தண்ணீர் தளும்பிப் புடவையெல்லாம் நனைந்தது.

புதன்கிழமை, தண்ணீரை நிறுத்திவிட்டு விருத்தாசலம் நேராக அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மடித்த காகிதம். ஐம்பத்தாறு வயசு மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழைய கைக்கடிகாரம், வார் அறுந்தது.

"அருளு, ட்ரெயினுக்குக் கெளம்பிட்டியா? இத்த கொஞ்சம் படிச்சி, பதிலு எழுதிக் குடும்மா. நீதான் ரெண்டு பாஷையும் படிச்சவ. கவுர்மெண்டுத் தமிழு எனக்கு இங்கிலீசு மாதிரி இருக்குது."

ஊராட்சி ஆபீஸிலிருந்து வந்த மெமோ. மேலத் தெருவிலிருந்து எழுத்துமூலம் புகார், ஸ்கிரீன்ஷாட் இணைப்பு. அவள் முதல் பத்தியைப் படித்தாள். குடிநீர் திறப்பு நேரத்தைத் தன்னிச்சையாக மாற்றியதாக.

"ம். அது நான் பண்ணதுதான். ரெண்டாவது?"

"ரெண்டாவது..." அடுத்த பத்திக்கு விரலை நகர்த்தினாள். "மேற்படிப் பதிவை நீக்குமாறு, சம்பந்தப்பட்ட பெண்ணை மிரட்டியதாக."

விருத்தாசலம் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"பொம்பளைய மெரட்டுனனா? நானா? எந்தப் பொம்பளைய?" குரல் உயரவில்லை, உடைந்தது. "வேல போனா போவட்டும்மா. சின்னதுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கிறேன். மாப்ள வீடு செஞ்சி. பொண்ணோட அப்பன் பொம்பளைய மெரட்டறவன்னு செஞ்சி வரைக்கும் பேரு போனா நான் இன்னா பண்ணுவேன்? அவ யாருன்னு மட்டும் தெரிஞ்சா நேரா போயி நிப்பேன். யம்மா, ஒன்ன நான் எங்க பாத்தேன், எப்ப மெரட்டுனேன், நீயே சொல்லுன்னு கேப்பேன்."

அருள்ராணி மெமோவை மடித்தாள்.

"அண்ணே. அது நான்தான்."

"இன்னா நீதான்?"

"எழுதனதும் நான்தான். அழிச்சதும் நான்தான். என்ன யாரும் மெரட்டல."

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "நீயா? நீ வாயத் தொறந்தே நான் பாத்ததில்லையேம்மா." பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இன்னா எழுதன? படி."

அழித்ததைப் படிக்க முடியாது. தென்னரசுவின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி எடுத்துப் படித்தாள். தன் எழுத்தைத் தானே வாய்விட்டுப் படிப்பது அதுதான் முதல் முறை. விருத்தாசலம் தலையைச் சாய்த்துக் கேட்டார். 'யாரும் கேட்காமல்' என்ற இடத்தில் அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ மலர்ந்தது. அவரைப் பற்றி யாரும் எதுவும் எழுதியதில்லை. அந்த ஒரு நொடியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பதினோரு வருஷம் இல்ல, பன்னெண்டு" என்றார். அப்புறம் கேட்டார்: "நான் ஒங்கிட்ட இன்னா சொன்னேன்?"

"வெளிய சொல்லாதன்னு சொன்னீங்க."

"எழுதும்போது ஞாபகம் இருந்திச்சா, மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவரே வழிவிட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. உள்ளே பாக்கியசாமி இருமினான்.

"ஞாபகம் இருந்திச்சுண்ணே."

விருத்தாசலம் வார் அறுந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மணி தெரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவளுடைய ரயில் அந்நேரம் போயிருக்கும்.

"சரி, எழுது. மொதலாவதுக்கு, ஆமாம், நான்தான் மாத்துனேன்னு என் பேர்ல எழுது. ரெண்டாவதுக்கு நீ எழுது. ஒன் பேர்ல."

அவள் பேனாவை எடுத்தாள். எழுதத் தொடங்கியதும்தான் சிக்கல் புரிந்தது. மிரட்டவில்லை என்று அவள் சாட்சி சொல்ல வேண்டுமானால், பதிவு தன்னுடையது, அதில் இருப்பது நிஜம் என்றும் சொல்ல வேண்டும். ஒரு குற்றத்திலிருந்து அவரை இழுக்கிற கையே இன்னொன்றுக்குள் தள்ளும்.

"அண்ணே, மொதலாவதுக்கு வேற மாதிரி எழுதிடலாம். வால்வு பழசு, இறுகிக்கினு இருக்குது, டைம் முன்னப் பின்ன ஆவும்னு..."

"வாணாம்."

"நான் நல்லா எழுதுவேன்ணே."

"ஒன் எழுத்தத்தான் பாத்தேனே" என்றார். அதில் கோபம்கூட இல்லை. "எட்டு நிமிஷம் நான் குடுத்தேன். அத்த இல்லன்னு சொல்ல மாட்டேன். பொம்பள விஷயம் மட்டும் என் மேல இருக்கக் கூடாது."

வியாழக்கிழமை அருள்ராணி லீவு போட்டுவிட்டு அவரோடு ஊராட்சி ஆபீஸுக்குப் போனாள். ஆபீஸில் தென்னரசுவின் அம்மாவும் வந்திருந்தாள். அருள்ராணி மனதில் வைத்திருந்த முகம் வேறு. இங்கே இருந்தது, முழங்காலில் கட்டுப் போட்ட ஒல்லியான ஒரு அம்மாள். "ஆம்பளப் புள்ள ஊர்ல இல்ல. கால இழுத்துக்கினு நாலு கொடம் நான்தான் தூக்கணும். கடைசிக் கொடம் என்னைக்கும் ரொம்பனதே இல்லீங்க" என்று அவள் செயலரிடம் சொன்னபோது, அருள்ராணி பன்னிரண்டு வருஷமாகத் தன் வீட்டில் தளும்பிய தண்ணீரை நினைத்துக்கொண்டாள். அது யாருடையது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

செயலர் அவள் கடிதத்தை உரக்கப் படித்தார். ஜன்னலுக்கு வெளியே கடைசித் தெருவிலிருந்து வந்த நாலைந்து பெண்கள். சவுரியம்மாளும் இருந்தாள்.

"உங்கள யாரும் மிரட்டலன்னா ஏங்க அழிச்சீங்க?" என்றார் செயலர்.

"பயந்துட்டேங்க."

"யாருக்கு?"

"எனக்கேதாங்க."

இரண்டாவது குற்றச்சாட்டில் பேனாவால் ஒரு கோடு விழுந்தது. முதலாவதற்கு, விருத்தாசலத்தை நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த வடக்குக் குடியிருப்பு டேங்குக்கு மாற்றினார்கள். இங்கே வால்வுச் சாவி முருகையன் கைக்குப் போனது. முருகையன் கடிகாரம் பார்த்துத் திறந்து கடிகாரம் பார்த்து மூடுகிற ஆள்.

வெளியே வந்தபோது சவுரியம்மாள் அவளைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. விரலை ஒடிக்கவும் இல்லை. பக்கத்தில் நின்றவளிடம், "வாடி, நேரமாவுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வாய் ஓயாதவள் பேசாமல் போவது எப்படி இருக்கும் என்று அருள்ராணிக்கு அன்றுதான் தெரிந்தது.

விருத்தாசலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டார்: "ஆபீஸ்ல நாலு பேரு கேட்டாங்க. அந்தப் போன்ல எத்தினி பேரு பாத்தாங்க?"

"நாலாயிரம்ணே."

"அங்கயும் சொல்லிடுவல்ல?"

"சொல்லிடறேன்."

மறுநாள் வெள்ளி. அந்த வாரத் தலைப்பு, மழைக்கு என்ன தின்பீர்கள். அவள் முன்னாலேயே ஜெனித்துக்கு எழுதிக் கேட்டாள். "அக்கா, போன வாரமே ஒரே சண்டை. இன்னிக்கு எல்லாரும் ஜாலியா இருக்காங்க, வாணாமே" என்றான். முண்டியம்பாக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கதவை இறக்கிவிட்டு எழுதினாள். 'முகையூராள்' என்ற பெயரை எடுத்துவிட்டு அருள்ராணி பாக்கியசாமி என்று போட்டாள். "விருத்தாசலம் அண்ணன் என்னை மிரட்டவில்லை. நானே பயந்து அழித்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தும் பேர் வாங்குவதற்காக எழுதியது நான். மேலத் தெருவுக்கும் அவருக்கும் நான் செய்தது தப்பு." டேக்கைச் சேர்த்தாள்.

அவள் பதிலுக்கு மேலே ஒருவர் வறுத்த வேர்க்கடலைப் படத்தோடு 'மல்லாட்டை' என்று போட்டிருந்தார். கீழே ஒருவர் கேப்பை அடை. நடுவில் அவள் மன்னிப்பு.

"மேடம், இது கே2. தின்பண்டம் பத்திச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

தென்னரசு பார்த்தானா என்று தெரியவில்லை. 'மிரட்டல்' என்று எழுதியவர்கள் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கு அந்த வாரம் வேறு யாரோ கிடைத்திருந்தார்கள். அவள் திண்டிவனத்தில் இறங்கி வீடு வந்து சேரும் வரை பார்த்தாள். எட்டு மணிக்குக் கடை சரியாக மூடியது. பார்த்தவர்கள் பதினோரு பேர்.

சனிக்கிழமை காலை, வடக்குக் குடியிருப்புக்குப் போகும் வழியில் விருத்தாசலம் வாசலில் ஒரு காலை ஊன்றி சைக்கிளை நிறுத்தினார்.

"போட்டியாம்மா?"

"போட்டுட்டேன்ணே. என் பேர்லயே."

"எத்தினி பேரு பாத்தாங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நெறைய பேரு பாத்தாங்கண்ணே."

"செஞ்சியில யாராச்சும்?"

"பாத்திருப்பாங்கண்ணே."

"அது போதும்." அவர் தலையாட்டிவிட்டு மிதித்தார். மேட்டில் சைக்கிள் ஏறாமல் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் திருப்பத்தில் மறையும் வரை நின்றிருந்தவள், போனை எடுத்து மறுபடி திறந்து பார்த்தாள். பன்னிரண்டு ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டாவது ஆள், இப்போது திறந்து பார்த்த அவளேதான்.